கத்தேனாவும் தேன்பருந்தும்

இத்தாலியின் தென்கோடி மலையில் இருக்கும் எங்கள் செர்ராமோனாவில் மே மாதம் பிறந்துவிட்டால் ஒரு வேலையும் ஓடாது. தச்சர் பாதி இழைத்த கதவைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விடுவார். முடிதிருத்துகிறவர் ஒரு கன்னத்தை மழித்துவிட்டு, மறு கன்னம் சோப்பு நுரையோடு காத்திருக்க, வாசலில் வந்து நின்று வானத்தைப் பார்ப்பார். பாதிரியார் தோன் கார்மினே பூசையை வழக்கத்தைவிடச் சுருக்கமாக முடித்துக்கொள்வார். மலைமுகட்டில் வேட்டைக்கு மறைந்து உட்கார அவருக்கும் ஒரு கல்கூண்டு இருந்தது. ஆம்பிளை என்று பேர் எடுத்த அத்தனை பேரும் தோளில் துப்பாக்கியும் பையில் ரொட்டியுமாக மேலே ஏறிப் போய், அவரவர் கூண்டில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

பார்ப்பதற்கு அங்கே இருந்ததெல்லாம் கடலும் மூட்டமும்தான். ஜலசந்திக்கு அந்தப் பக்கம் சிசிலி மங்கலாகத் தெரியும். சில நாள் தெரியவே தெரியாது. வெயில் ஏற ஏற, நீருக்கும் வானத்துக்கும் நடுவில் இருக்கும் கோடு கரைந்துபோகும். எதிர்க்கரை வீடுகள் தண்ணீரைவிட்டு எழுந்து அந்தரத்தில் நிற்கும். படகு ஒன்று தலைகீழாக மிதக்கும். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால் வீடும் இருக்காது, படகும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்துதான் அவை வரும். முதலில் ஒரு புள்ளி. அது பறவைதானா அல்லது கண்ணில் விழுந்த தூசியா என்று ஒரு சந்தேகம். சந்தேகம் தீர்வதற்குள் தலைக்கு மேலே கூட்டம் கூட்டமாகத் தேன்பருந்துகள், சிறகை அசைக்காமல், சத்தமில்லாமல். ஆப்பிரிக்காவிலிருந்து பாலைவனத்தையும் கடலையும் தாண்டி வடக்கே காடுகளுக்குப் போகிற வழியில் அவை எங்கள் மலையைத் தொட்டுக்கொண்டு போகும். மேல்காற்று அடித்தால் ரொம்பவும் தாழ்ந்து வரும்.

அவற்றோடு நாரைகளும் வரும், பூனைப்பருந்துகளும் வரும், பஞ்சுருட்டான்கள் கலகலவென்று பேசிக்கொண்டே வரும். அவற்றை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. எங்கள் ஆட்களுக்குத் தேன்பருந்துதான் வேண்டும். அதற்கு ஒரு காரணம் உண்டு. சொன்னால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

வசந்தத்தில் ஒரு தேன்பருந்தையாவது சுட்டு வீழ்த்தாத புருஷனுக்கு நெற்றியில் கொம்பு முளைக்கும். கொம்பு என்றால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான்: அவன் மனைவி அவனை ஏய்த்துவிட்டு இன்னொருவனோடு பழகுகிறாள். பருந்துக்கும் படுக்கைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் கேட்டவனுக்கும் முளைத்துவிடுமோ என்று பயம். சுட்டவன் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பறவையின் வால் இறகைத் தொப்பியில் செருகிக்கொண்டு கோயிலுக்கு வருவான். அவன் பெண்டாட்டியும் தலை நிமிர்ந்து பக்கத்தில் நடப்பாள். அவ்வளவுதான் விஷயம். அதற்காகத்தான் தச்சர் கதவைப் பாதியில் விட்டார்.

இந்த ஊருக்குத்தான் கத்தேனா வாழ்க்கைப்பட்டு வந்தாள். உலகப் போர் முடிந்து, ஊருக்கு மின்சாரம் வந்த சமயம் அது. அவள் கீழே கடலோரத்துப் பெண். வாள்மீன் பிடிக்கிற குடும்பம். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தொண்டை பெரிது. படகுக்குப் படகு கத்திப் பேசிப் பழகிய தொண்டை. கத்தேனா சிரித்தால் சதுக்கத்தில் இருக்கும் குழாயடியிலிருந்து கோயில் படி வரைக்கும் கேட்கும். புருஷன் தெமெத்ரியோ அதற்கு நேர்மாறு. திராட்சைத் தோட்டங்களுக்குக் கல் அடுக்கி வரப்புச் சுவர் கட்டுவது அவன் தொழில். ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இடம் கிடைக்கும்வரை கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பான். பேச்சும் அப்படித்தான் வரும். அவனுடைய அந்த நிதானம் அவளுக்குப் பிடித்திருந்தது. அவளுடைய சிரிப்பைக் கேட்பதற்காகவே அவன் சுவர் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வருவான் என்று ஊரில் கேலி பேசினார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் மே மாதம் தெமெத்ரியோ, தன் அப்பா விட்டுப்போன துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மேலே போனான். சுட்டான். வெறுங்கையோடு திரும்பினான். "புது மாப்பிள்ளை, கை நடுங்குது" என்று சிரித்தார்கள். கத்தேனாவும் சேர்ந்து சிரித்தாள். அடுத்த வருஷமும் சுட்டான், ஒன்றும் விழவில்லை. அதற்கடுத்த வருஷமும் அதே கதை. பக்கத்துக் கூண்டுக்காரன் மீக்கோ, ஊரிலேயே நாக்கு நீண்டவன், சதுக்கத்தில் எல்லோரும் பார்க்க இரண்டு விரலை நெற்றியில் வைத்துக் காட்டினான். அன்று கத்தேனா சிரிக்கவில்லை.

ஒரு வருஷம் காலையில் கதவைத் திறந்தால் நிலையில் ஆட்டுக்கொம்பு ஜோடியாகத் தொங்கியது. அவள் நாற்காலி போட்டு ஏறி அதைக் கழற்றி அடுப்பில் போட்டாள். கொம்பு எரிகிற நாற்றம் வீட்டைவிட்டுப் போக நாளாயிற்று. கொம்பு என்று வந்துவிட்டால் அதற்கு ஒரு ஆள் வேண்டும் இல்லையா? ஊர் தேடிப் பார்த்து ஒருவனைக் கண்டுபிடித்தது. கீழ் ரோட்டில் ரொட்டி வண்டி ஓட்டி வருகிறவன். பாவம், பல் இல்லாத, காது சரியாகக் கேட்காத ஆள். கத்தேனா அவனிடம் கத்திப் பேசியது அவனுக்குக் காது கேட்காததால்தான். ஊருக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் ரொட்டி வாங்கப் போனால் தரையைப் பார்த்துக்கொண்டே காசைக் கொடுப்பாள். குளிர்காலத்தில் பெர்கமோட்டா என்கிற வாசனை எலுமிச்சை பறிக்கிற தோப்பில் ஆண்கள் இருக்கும் வரிசையைவிட்டுத் தள்ளிப் போய் நிற்பாள். யாராவது வேடிக்கையாக ஏதாவது சொன்னால் உதட்டைக் கடித்துக்கொள்வாள். சிரித்தால் ஏன் சிரித்தாள் என்று கேட்பார்கள். சிரிக்காவிட்டால் யாரை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பார்கள். அவளுடைய சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் போய், பிறகு வீட்டுக்குள்ளும் குறைந்துபோயிற்று. மகள் சவேரியா பிறந்தபோது குழாயடியில் வின்சென்சா என்பவள், "குழந்தைக்குப் பல் முளைக்குமா, இல்ல அப்பன் மாதிரி பொக்கைதானா?" என்றாள். கத்தேனா குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள். சண்டை போட்டால் சண்டையும் சாட்சியாகிவிடும் என்பது அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது.

இத்தனைக்கும் அவள் புருஷனை நொந்துகொண்டதில்லை. குறி தவறுகிறவனை என்ன சொல்ல முடியும்? கோணல் காலோடு பிறந்தவனை ஓடச் சொல்வது மாதிரிதான். குளிர்கால மாலைகளில் தோட்டாக்களை நிரப்புவது எங்கள் ஊரில் பெண்களின் வேலை. வெடிமருந்தை அளந்து போட்டு, அட்டை வைத்து அழுத்தி, ஈயக் குண்டுகளைக் கொட்டி மூட வேண்டும். கத்தேனா ஒரு குண்டு கூடவோ குறையவோ இல்லாமல் நிரப்புவாள். இந்த வருஷமாவது ஒன்று விழட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டே நிரப்புவாள்.

சவேரியா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், ஆகஸ்டில், கடலோர ஊரில் திருவிழாவுக்குப் போனார்கள். அங்கே ஒரு கடையில் காற்றுத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். பின்னால் சங்கிலியில் தகர வாத்துகள் வரிசையாக ஓடும். எல்லா வாத்தையும் விழவைத்தால் மேல் தட்டில் இருக்கும் பெரிய பொம்மை. சவேரியா அந்தப் பொம்மையைப் பார்த்துவிட்டு நகர மாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

"அப்பாவுக்கு வராதும்மா, வா" என்றாள் கத்தேனா.

தெமெத்ரியோ மகளைப் பார்த்தான். துப்பாக்கியை எடுத்தான். டப், டப், டப் என்று ஒரே சீராக, கல் அடுக்குகிற மாதிரி, முதல் வாத்திலிருந்து கடைசி வாத்து வரை சாய்த்துவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்தான். கடைக்காரன் முணுமுணுத்துக்கொண்டே பொம்மையை இறக்கிக் கொடுத்தான். சவேரியா துள்ளினாள். தெமெத்ரியோ சிரித்துக்கொண்டே திரும்பினான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

மலைப்பாதையில் ஏறி வீடு திரும்பினார்கள். வீட்டில் பிள்ளை பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கிய பிறகுதான் கத்தேனா கேட்டாள்.

"யோவ். உனக்குச் சுடத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"அப்போ மேல போய் என்னத்தச் சுடுறே?"

"வானத்தை" என்றான்.

"எதுக்கு?"

"அதுங்க வர்றத நீ பாத்ததில்ல கத்தேனா."

"எங்க பாக்க? பொம்பள மேல வந்தா பருந்து திரும்பிப் போயிடும்னு சொன்னது நானா?"

"கடல் பூரா தாண்டி வருது. நிக்க ஒரு மரம் கிடையாது, பாறை கிடையாது. கரையைப் பாத்ததும் றெக்கையை லேசா இறக்கும் பாரு, அப்பாடான்னு. நமக்கே மூச்சு இறங்கும். அந்த நேரத்துல சுட எனக்குக் கை வரல."

"கை வரலேன்னா துப்பாக்கிய வீட்ல வெச்சிட்டுப் போக வேண்டியதுதானே?"

"துப்பாக்கி இல்லாதவன மேல விடுவாங்களா? கூண்டைப் பிடுங்கி மீக்கோகிட்ட கொடுத்துடுவாங்க. அப்புறம் நான் எங்க நின்னு பாக்கறது?"

கத்தேனா எழுந்தாள், உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்தாள். "பருந்துக்கு அப்பாடா, உனக்கு அப்பாடா. எனக்கு?" என்றாள். "நீ தவறவிடுற ஒவ்வொரு குண்டும் எங்க போய் விழுதுன்னு நெனச்சே? எம் மேலதான்யா விழுது. அதையும் நானே உக்காந்து நெரப்பிக் கொடுத்திருக்கேன், பாரு!"

நல்ல மனுஷர்களிடம் இதுதான் தொல்லை. அவர்கள் யாருக்கும் கெடுதல் நினைப்பதில்லை, அதனால் தங்களால் கெடுதல் நடக்கும் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. தெமெத்ரியோவுக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. அவன் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளிறிப்போயிற்று.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் அவள், கடைசியில், தணிந்த குரலில். "எல்லாத்தையும் சுடச் சொல்லல. ஒண்ணு. எனக்காக."

"சரி" என்றான்.

குளிர்காலம் போயிற்று. தோட்டா நிரப்பும்போது அவள் மாதாவை வேண்டிக்கொள்ளவில்லை. புருஷனின் வாக்கு இருந்தது. மே வந்தது. மேல்காற்று அடிக்க ஆரம்பித்த முதல் நாளே அவன் இருட்டில் எழுந்து போனான். அவள் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காது கொடுத்தாள். மேலே வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் இது நம்முடையதாக இருக்குமோ என்று கையில் இருந்ததை வைத்துவிட்டு நின்றாள். சாயங்காலம் அவன் வந்தான். பையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பை தட்டையாக இருந்தது.

"குறி வெச்சேன். நேரா வெச்சேன்" என்றான். "முடியல கத்தேனா."

அவள் திட்டத்தான் வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்துச் சவேரியா உள்ளே வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்திருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

"அம்மா, ரொட்டி வண்டித் தாத்தாதான் எங்கப்பாவாம். பசங்க சொல்றாங்க. நெத்தில வெரல வெச்சு வெச்சுக் காட்டறாங்க. நெசமாம்மா?"

தெமெத்ரியோ பிள்ளையைத் தூக்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டான். கத்தேனா பிள்ளையின் மூக்கைத் துடைத்து, முகத்தைக் கழுவிவிட்டு, சூப் ஊற்றிக் கொடுத்தாள். அவளுக்குக் கோபம் போய் அதற்கு அடுத்தது வந்துவிட்டது. கோபம் போனபின் வரும் அந்தத் தெளிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு முன்னால் நிற்கக் கூடாது.

மறுநாள் தெமெத்ரியோ மலைக்குப் போன பிறகு அவள் வீட்டைப் பெருக்கினாள், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள், தலையில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு நடந்தாள். என்ன செய்ய வேண்டும், என்ன பேச வேண்டும் என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். துப்பாக்கியை வாங்க வேண்டும். வானத்தைப் பார்த்து ஒரு வெடி. பருந்து விழ வேண்டிய அவசியமே இல்லை. சத்தம் போதும், பேச்சை அவள் பார்த்துக்கொள்வாள். சந்தனநிறப் பூப்பூத்த புதர்களுக்கு நடுவே பாதை ஏறியது. ஏற ஏறக் கீழே ஊர் சுருங்கிப்போய், அதன் சத்தமெல்லாம் நின்று, காற்று மட்டும் காதுக்குள் இருந்தது.

முகட்டில் அவள் தலை தெரிந்ததும் கூண்டுக்குக் கூண்டு பேச்சு அடங்கியது. ஒரு பெண் அங்கே வந்ததே இல்லை. முதலில் மீக்கோவுக்குத்தான் நாக்கு திரும்பி வந்தது.

"என்ன தங்கச்சி, வழி தவறிட்டியா? ரொட்டி வண்டி கீழ் ரோட்டுலல்ல நிக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். தோன் கார்மினே மட்டும் செபமாலையை உருட்டுவதுபோலக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது.

"வழியெல்லாம் சரிதான் அண்ணே" என்றாள் கத்தேனா, தன்னுடைய பழைய குரலில், படகுக்குப் படகு கேட்கிற குரலில். "எங்க வீட்டு வேலை ஒண்ணு ரொம்ப வருஷமா இங்க முடியாம கெடக்கு. முடிச்சிட்டுப் போலாம்னு வந்தேன்."

தெமெத்ரியோவின் கூண்டுக்குள் போய், "தா" என்று கையை நீட்டினாள். அவன் அவளைப் பார்த்தான். துப்பாக்கியைக் கொடுத்தான். அவள் தானே நிரப்பிய தோட்டாவைப் போட்டு மூடினாள். பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

காத்திருக்கும்போதுதான் அவள் கடலைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த கடல்தான். ஆனால் இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்ததில்லை. அப்பாவின் படகுகள் போகிற நீர் அங்கே வெறும் வெளிச்சமாக இருந்தது. சிசிலி கரைந்துபோயிருந்தது. எட்னா எரிமலையின் புகை மட்டும் எதிலும் ஒட்டாமல் மேலே தனியாக நின்றது. பார்த்துக்கொண்டே இருந்ததில் கண் தளர்ந்து, அவள் நிற்கிறாளா மிதக்கிறாளா என்பதுகூட நிச்சயமில்லாமல் போயிற்று. காற்று முகத்தில் ஒரே சீராக அடித்தது. யாரும் பேசவில்லை. அவ்வளவு நாக்கு நீண்ட ஆண்கள் அத்தனை பேரும் பருந்துக்காகக் காத்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டு இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்களா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அதோ" என்றான் தெமெத்ரியோ, மூச்சுவிடுகிற அளவுக்கு மெதுவாக.

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ஒன்று, பக்கத்தில் ஒன்று, பின்னால் மூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகப் பிறந்து பிறந்து வந்துகொண்டிருந்தன. எவ்வளவு தாழ்வாக! அலையைத் தொட்டுவிடுமோ என்று அவளுக்குப் பதறியது. காற்று ஒன்றை ஒருபக்கமாகச் சாய்த்தது. அது பிடிவாதமாக நிமிர்ந்துகொண்டது. கரை நெருங்க நெருங்க அவற்றின் மார்பில் பழுப்புக் கோடுகள் தெரிந்தன, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பது தெரிந்தது. பாறை விளிம்புக்கு மேலே வந்ததும், அவன் சொன்ன மாதிரியே, முதல் பருந்து சிறகை லேசாக இறக்கியது.

கத்தேனாவின் மூச்சும் இறங்கியது. இத்தனை வருஷம் இவன் வீட்டுக்கு ஏன் வெறுங்கையோடும் தெளிந்த முகத்தோடும் திரும்பி வந்தான் என்று புரிந்துபோயிற்று. புரிந்ததும் அவளுக்கு அவன்மேல் இன்னும் கோபம் வந்தது, இதை அவன் மட்டும் தனியாக வைத்துக்கொண்டிருந்தானே என்று.

"சுடு தங்கச்சி! சுடு! மேல போயிடப் போகுது!" மீக்கோ பக்கத்துக் கூண்டிலிருந்து கத்தினான். அவனுடைய துப்பாக்கிகூடக் கையில் சும்மா இருந்தது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் துப்பாக்கியைத் தூக்கினாள். இரண்டு பருந்துகளுக்கு நடுவில் அகலமான நீல வானம் இருந்தது. அந்த நீலத்தைக் குறிவைத்து விசையை அழுத்தினாள்.

தோளில் உதை விழுந்தது. சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. பின்னால் வந்த பருந்தைக் காற்று சட்டென்று அந்த நீலத்துக்குள் தள்ளியிருந்தது. அது சிறகை மடக்கவில்லை. விரித்தபடியே, ஒருபக்கமாகச் சுழன்று சுழன்று, புதருக்குள் விழுந்தது.

கத்தேனாவுக்குக் கண் இருட்டியது. ஆனால் பேச வேண்டியதை இரவே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். வேறு எதுவும் அப்போது நினைவில் இல்லாததால் அதையே சொன்னாள்.

"பாத்துக்கங்க. நானும் ஒண்ணு சுட்டாச்சு. இனிமே என் புருஷன் என்னை விட்டுட்டு எவகிட்டயும் போக மாட்டான். உங்க சட்டம்தானே? உங்க வீட்டுப் பொம்பளைங்க யாராவது இதுவரைக்கும் ஒண்ணு சுட்டிருக்காங்களா? இல்லேன்னா நீங்கள்லாம் எங்கெங்க போயிட்டு வர்றீங்களோ, யாரு கண்டா?"

மீக்கோ பாதிரியாரைப் பார்த்தான். "சாமி, பொம்பள சுட்டா அது செல்லுமா?"

தோன் கார்மினே எழுந்து மேலங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "எழுதி வெச்ச சட்டமா இது, புரட்டிப் பாக்க? ஒரு குடும்பத்துக்கு ஒண்ணு விழணும், விழுந்திருக்கு. சுட்டது ஆணா பொண்ணான்னு பருந்து கேட்டதா எனக்குத் தெரியல மீக்கோ. உக்காரு."

மீக்கோ உட்கார்ந்தான். பின்வரிசைக் கூண்டிலிருந்து யாரோ "சபாஷ்!" என்று கத்தினார்கள். அதோடு கைதட்டல் பரவியது. கடைசியில் மீக்கோவும் தட்டினான். கொம்பு அன்றைக்கே செர்ராமோனாவில் அந்த வீட்டு வாசலைவிட்டு இறங்கிப் போயிற்று. இத்தனை வருஷத்துப் பேச்சு இவ்வளவு சுலபமாகப் போய்விடும் என்றால், அது எவ்வளவு அற்பமான விஷயம் என்று பாருங்கள். அதற்காகவா ஒருத்தி இத்தனை வருஷம் தரையைப் பார்த்து நடந்தாள்!

தெமெத்ரியோ கைதட்டல் நடுவே புதருக்குள் இறங்கிப் போய்ப் பருந்தை எடுத்து வந்தான். அதற்கு உயிர் இருந்தது. மஞ்சள் கண்ணை அகலத் திறந்து அவனைப் பார்த்தது. அவன் அதைச் சட்டைக்குள், நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டான். இருவரும் இறங்கினார்கள். முதல் திருப்பத்தில் சட்டை அசைந்துகொண்டிருந்தது. இரண்டாவது திருப்பம் வரும்போது அசைவு நின்றுவிட்டது. கத்தேனா அதைப் பார்த்தாள். பாதையோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அதைச் சுடல" என்றாள். "மாதா மேல சத்தியமா. நடுவுல இருந்த வெறும் எடத்தத்தான் சுட்டேன்."

"தெரியும்."

"விழணும்னு நெனக்கல."

"தெரியும் கத்தேனா." அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "மேல்காத்துல வெறும் எடத்தச் சுடக்கூடாது. பின்னாடி வர்றது அங்க வந்துடும். கடைசியா வர்ற பருந்து எதுன்னு பாத்து, அதோட வாலுக்கு ரெண்டு கை பின்னாடி சுடணும். எனக்கே அது பழக ரொம்ப நாளாச்சு. என்னைக் கேட்டிருந்தா சொல்லிக் கொடுத்திருப்பேனே."

அவள் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். பருந்துக்காகவா, தனக்காகவா, கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பேன் என்று சொன்ன இந்த மனுஷனுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. மேலே வானத்தில் மிச்சப் பருந்துகள் வட்டமடித்து உயர்ந்து வடக்கே போய்க்கொண்டிருந்தன. அவன் அண்ணாந்து பார்க்கவில்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான்.

சுட்ட பருந்தைச் சமைத்துத் தின்பது ஊர் வழக்கம்; அவர்கள் அதைச் சமைக்கவில்லை. தெமெத்ரியோ தோட்டத்துச் சுவர் ஓரத்தில் குழி தோண்டி அதைப் புதைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தேனா சவேரியாவுக்குத் தலை பின்னிவிட்டுத் திரும்பினால், தெமெத்ரியோ கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தான். கையில் தொப்பி. புதைப்பதற்கு முன்னால் எடுத்து வைத்திருக்கிறான் போலிருக்கிறது, நீளமான பட்டை போட்ட வால் இறகு ஒன்றைத் தொப்பிப் பட்டியில் செருகிக்கொண்டிருந்தான். அது இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது.

"வேணாம்" என்றாள் அவள். "அத எடு. எனக்கு வேணாம். எல்லாரும் பாத்தாச்சு, போதும்."

"மலைல இருந்தவங்கதான் பாத்தாங்க. கொழாயடில இருக்கறவங்க பாக்கல. பள்ளிக்கூடத்துப் பசங்க பாக்கல" என்றான். "வா, நேரமாச்சு."

சதுக்கத்தில் வின்சென்சா எதிரே வந்தாள். தொப்பியைப் பார்த்தாள், கத்தேனாவைப் பார்த்தாள், தானே முந்திக்கொண்டு வணக்கம் சொன்னாள். பையன்கள் சவேரியாவுக்கு வழிவிட்டார்கள். கத்தேனா எல்லோருக்கும் தலையசைத்துக்கொண்டு புருஷன் கையைப் பிடித்தபடி படி ஏறினாள்.

கோயிலுக்குள் அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். தோன் கார்மினே பாடினார், மணி அடித்தது, எல்லோரும் மண்டியிட்டு எழுந்தார்கள். கத்தேனா பீடத்தைப் பார்க்கவே இல்லை. பூசை முடியும்வரை தெமெத்ரியோவின் கட்டைவிரல் அந்த இறகை நுனிவரைக்கும் மெல்ல மெல்ல நீவிவிட்டுக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.